குழியை நெருங்கும் கலை



எறிபந்தும் வலைப்பந்தும் டென்னிகாய்ட்டும் ஆடிப் பழகிய நமக்குக் கோல்ப் என்றதும் என்ன நினைவுக்கு வரும்? பரந்த புல்வெளி, தொப்பியணிந்த கனவான்கள், மட்டைப் பையைச் சுமந்து பின்னே நடக்கும் பையன், கண்ணுக்கெட்டாத தொலைவுக்குப் பறந்து செல்லும் சிறு வெண்பந்து, இவைதாம். பத்திரிகைகளில் வரும் படங்களும் மட்டையை முதுகுக்குப் பின்னே சுழற்றி நிற்கும் ஆட்டக்காரரையே காட்டுகின்றன. ஆனால் அந்த ஆட்டத்தின் கணக்கு வேறு விதமானது. பெண்களாகிய நாம் அதைத் தெரிந்துகொள்ளத் தனிக் காரணமும் ஒன்று உண்டு. இரண்டையும் சற்று விரிவாகக் காண்போம்.

கோல்ப் மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழியின் விட்டமும் 4¼ அங்குலம். பந்தின் விட்டம் 1.68 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. எடை 46 கிராமைத் தாண்டக் கூடாது. மிகக் குறைந்த அடிகளில் 18 குழிகளிலும் பந்தைச் சேர்ப்பவரே வென்றவர். இங்கேதான் வேடிக்கை இருக்கிறது. பந்தை 250 கஜ தூரம் பறக்க விட்டாலும் ஓர் அடி. குழியின் விளிம்பில் நிற்கும் பந்தை இரண்டங்குலம் தள்ளினாலும் ஓர் அடி. முன்னதற்குக் கைதட்டல் கிடைக்கும், பின்னதற்குக் கிடைக்காது. ஏட்டில் இரண்டும் ஒன்றே.

பெரும்பாலான பெரிய மைதானங்களில், நன்றாக ஆடுபவர் 72 அடிகளில் 18 குழிகளையும் முடிக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். இதற்குப் 'பார்' என்று பெயர். குழியைச் சுற்றி மிகக் கட்டையாக வெட்டப்பட்ட புல்தரையைக் 'கிரீன்' என்பர். அந்தக் கிரீன்மேல் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு உருட்டல் என்று கொண்டே 'பார்' கணக்கிடப்படுகிறது. ஆகவே 72-ல் 36 அடிகள் உருட்டல்களே! கிரீனை ஒட்டி நின்று அடிக்கும் சிறிய அடிகளையும் இவற்றோடு கூட்டினால் பாதிக்கு மேல் ஆகிவிடும். ஏறத்தாழ நூறு கஜத்துக்குள்ளிருந்து குழி வரை அடிக்கும் இவ்வடிகள் அனைத்தும் சேர்ந்ததே குறுந்தூர ஆட்டம்.

இந்தக் குறுந்தூர ஆட்டத்துக்கும் பெண்களுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. அது முழுவதும் மகிழ்ச்சியான தொடர்பு என்று சொல்வதற்கில்லை. ஸ்காட்லாந்தின் கீழ்க்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்றோர் ஊர். கோல்ப் ஆட்டத்தின் தாயகம் என்று உலகம் போற்றும் ஊர் அது. (நம் சென்னைக்கும் அவ்வூருக்கும் உறவுண்டு என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவ்வூரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்பவர் 1789 முதல் எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பில் இருந்தார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரும் சட்டாம்பிள்ளை முறையையும் கண்டு வியந்து, அதனை 'மதராஸ் முறை' என்று பெயரிட்டுத் தம் நாட்டில் பரப்பினார். அவர் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது.)

அந்த செயின்ட் ஆண்ட்ரூஸில் 1867-ல் பெண்கள் தமக்கென ஒரு கோல்ப் சங்கம் கண்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது மேடும் பள்ளமுமாகக் கிடந்த ஒரு துண்டு நிலம். ஓல்டு டாம் மாரிஸ் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் அதை உருட்டல் ஆட்டத்துக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுத்தார். மேடுபள்ளம் மிகுந்த அந்நிலத்துக்கு 'இமயம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஏன் உருட்டல் மட்டும்? மட்டையைத் தோளுக்கு மேலே உயர்த்தி வீசுவது பெண்ணுக்கு நாகரிகமன்று என்பது அக்காலத்துப் பெரியோர் எண்ணம். இறுக்கிக் கட்டிய கச்சும், தரையைக் கூட்டும் நீண்ட பாவாடையும் வேறு. தோளுக்குக் கீழே எவ்வளவு ஆட முடியுமோ அவ்வளவே அவர்களுக்கு அனுமதி.

தடை நெடுநாள் நிற்கவில்லை. 1893-ல் பிரிட்டனில் பெண்கள் கோல்ப் சங்கங்களின் ஒன்றியம் தோன்றியது. அவ்வாண்டே முதல் போட்டியும் நடந்தது. மார்கரெட் ஸ்காட் சீமாட்டி 1893, 1894, 1895 ஆகிய மூன்றாண்டும் தொடர்ந்து வென்றார். ஆனால் 1754-ல் தோன்றிய செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆடவர் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க இசைந்தது 2014-ல்தான்! 260 ஆண்டுகள் கதவு சாத்தியே இருந்தது. பெண்களின் 'இமயமோ' இன்றும் இருக்கிறது. சிறு கட்டணம் செலுத்தினால் ஆணும் பெண்ணும் குழந்தையும் யாரும் அங்கே உருட்டி ஆடலாம். எது தாராள மனம் என்பதைத் தோழியர் முடிவுக்கே விடுகிறோம்.

குறுந்தூர ஆட்டம் வலுவில்லாதவர்களுக்கு ஒதுக்கிய ஆறுதல் பரிசு என்று யாரேனும் கருதினால் அவர்களுக்கு 1938-ஆம் ஆண்டுக் கதையைச் சொல்லலாம். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பெரும்போட்டி பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்தது. இறுதியாட்டத்தில் ஒருபுறம் சாம் ஸ்னீட். நல்ல உடற்கட்டு, மிக நீண்ட அடி. மறுபுறம் பால் ரன்யன். சிறிய மெலிந்த உருவம். மட்டைப் பை சுமக்கும் சிறுவனாகத் தொடங்கி ஆட்டக்காரர் ஆனவர். ஸ்னீடின் பந்து ஒவ்வொரு முறையும் ரன்யனின் பந்தைத் தாண்டி வெகு தூரம் போய் விழுந்தது. ஆயினும் குழியருகே வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. குழிக்குக் குழி வெற்றி தோல்வி எண்ணும் அந்த 36 குழி ஆட்டம் 29-ஆம் குழியிலேயே முடிந்துவிட்டது. ஏழு குழி மீதமிருக்க எட்டுக் குழி முந்தி நின்றவர் ரன்யன்! 'குட்டி நஞ்சு' என்று அவருக்குப் பட்டப் பெயர்.

சரி, இதை எப்படிக் கற்பது? டெக்சாஸ் மாநிலத்தில் வாழ்ந்த ஹார்வி பெனிக் என்ற ஆசிரியர் ஒரு வழி சொன்னார். மிக்கி ரைட், பெட்சி ராவல்ஸ், கேத்தி விட்வொர்த் போன்ற தலைசிறந்த பெண் ஆட்டக்காரர்கள் அவரிடம் பாடம் கேட்டவர்கள். குழியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. முதலில் ஓரடி தூரத்து உருட்டல்; பிறகு மூன்றடி; பிறகு கிரீனின் ஓரம்; அதன் பின் முப்பது கஜம். நீண்ட அடி கடைசிப் பாடம். எழுத்துக் கூட்டத் தெரியாதவளிடம் கவிதை எழுதச் சொல்வாருண்டோ? ஆனால் பெரும்பாலோர் கோல்ப் கற்பது கவிதையிலிருந்துதான். பெனிக் வழியே நாமும் செல்வோம்.

முதலாவது உருட்டல். இதற்குரிய மட்டை 'பட்டர்'. அதன் முகம் ஏறக்குறைய நேர்நிலையாக, மூன்று நான்கு பாகை மட்டுமே சாய்ந்திருக்கும். கண் பந்துக்கு நேர்மேலே இருக்கும்படி குனிந்து, பிடியை இறுக்காமல் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் தோள்களை மட்டும் ஊஞ்சல்போல் ஆட்ட வேண்டும். பின்னே எவ்வளவு போயிற்றோ முன்னேயும் ஏறக்குறைய அவ்வளவு. பந்து எத்திசையில் புறப்படும் என்பதை, தொடும் கணத்தில் மட்டையின் முகம் பார்த்திருக்கும் திசையே பெரிதும் முடிவு செய்கிறது. கை எந்த வழியாக வந்தது என்பது அவ்வளவு முக்கியமன்று.

திசையைவிடக் கடினமானது வேகம். கிரீன் பார்வைக்குச் சமமாயிருக்கும். உண்மையில் எங்கோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வாழையிலையில் ரசம் ஊற்றினால் அது எந்தப் பக்கம் ஓடும் என்று நமக்கு உடனே தெரிகிறதல்லவா? அதே கண்ணோடு கிரீனைப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு வாரி நீரைக் கவிழ்த்தால் எங்கே போய்த் தேங்கும் என்று எண்ணிப் பார்த்தால் சாய்வு விளங்கும். மெல்ல ஓடும் பந்து சாய்வில் அதிகம் வளையும். விரைந்து ஓடுவது குறைவாக வளையும். எனவே வேகத்தை முடிவு செய்யாமல் திசையை முடிவு செய்யவே இயலாது. குழியில் விழாவிட்டால் 17 அங்குலம் தாண்டி நிற்கும் வேகமே ஏற்றது என்பார் டேவ் பெல்ஸ். இவர் நாசாவில் ஆராய்ச்சியாளராயிருந்து பின்னர் கோல்ப் ஆராய்ச்சியில் இறங்கியவர். அதைவிட விரைந்தால் பந்து குழியின் வாயைத் தாவிச் செல்லும். அதைவிட மெதுவானால் குழியைச் சுற்றியுள்ள சிறு மேடுபள்ளங்கள் வழி திருப்பிவிடும்.

புல்லும் பேசும். நம் நாட்டைப் போன்ற வெப்பப் பகுதிகளில் கிரீனுக்குப் பயன்படும் பெர்முடா புல் வேறொன்றுமன்று, நம் வயல் வரப்புகளில் படரும் அருகம்புல் இனமே. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். சாய்ந்த திசையில் உருட்டினால் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். எதிர்த்து உருட்டினால் தயங்கும். புல் பளபளப்பாகத் தெரிந்தால் அது நம்மைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது என்றும், மங்கித் தெரிந்தால் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்றும் அறியலாம்.

இவ்வளவு அறிந்த வல்லுநர்களும் எத்தனை முறை வெல்கிறார்கள் என்று பார்த்தால் நமக்குத் தைரியம் வந்துவிடும். அமெரிக்காவின் முதல்நிலை ஆண் ஆட்டக்காரர்கள் எட்டடித் தூரத்திலிருந்து உருட்டுவதில் பாதிதான் உள்ளே விழுகிறது. 33 அடியிலிருந்து அவர்கள் சராசரியாக எடுப்பது இரண்டு உருட்டல். ஆகவே தொலைவிலிருந்து உருட்டும்போது குழியைக் குறி வைப்பதைவிட, குழியைச் சுற்றி மூன்றடி அளவுள்ள ஒரு வட்டத்தைக் கற்பனை செய்து அதற்குள் நிறுத்தப் பார்ப்பதே அறிவு. மூன்று உருட்டல் ஆகாமல் காப்பதுதான் முதற்பாடம். பெனிக் 1995 ஏப்ரல் 2-ல் காலமானார். படுக்கையில் கிடந்தபடியே தம் மாணவர் பென் கிரென்ஷாவுக்குக் கடைசியாக அவர் கற்பித்ததும் உருட்டல் பாடமே. இறுதிச் சடங்கில் ஆசிரியரின் பேழையைச் சுமந்த கிரென்ஷா, அதே வாரம் அகஸ்டாவில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில் 72 குழிகளில் ஒருமுறைகூட மூன்று உருட்டல் எடுக்காமல் ஆடி வென்றார்.

அடுத்தது 'சிப்' என்னும் தட்டல். பந்து கிரீனுக்குச் சற்று வெளியே கிடக்கிறது. இடையில் இரண்டு கஜம் நீண்ட புல். உருட்டினால் புல் தடுக்கும். ஆகவே புல்லைத் தாண்டுமளவு சிறிது பறக்கவிட்டு, கிரீன்மேல் விழுந்தபின் ஓடவிட வேண்டும். நம்மில் பாண்டி ஆடாதவள் யார்? சில்லை எறியும்போது கட்டத்துக்குச் சற்று முன்னே விழச் செய்து, அது சறுக்கிப் போய்க் கட்டத்தில் நிற்கும்படி எறிகிறோம். கட்டத்தின் நடுவிலேயே விழ எறிந்தால் அப்பால் போய்விடும் என்பது நம் கைக்குத் தெரியும். சிப் அடியின் சூத்திரமும் அதுவே. கண் பார்க்க வேண்டியது பந்து விழ வேண்டிய இடத்தை, கொடியை அன்று.

நிற்கும் முறை எளிது. கால்களை நெருக்கி வைத்து, உடற்பாரத்தை இலக்கை நோக்கிய காலில் சார்த்தி, பந்தை இன்னொரு கால் பக்கம் சற்று ஒதுக்கி, கைகள் பந்துக்கு ஒரு விரற்கடை முன்னே இருக்கும்படி நிற்க வேண்டும். பிறகு உருட்டலுக்குச் செய்தது போலவே சிறிய ஊஞ்சல் அசைவு. பந்தை மேலே தூக்க நாம் முயலவே கூடாது. புதிதாகக் கற்போர் எல்லோருக்கும் வரும் நோய் இது. கரண்டியால் அள்ளுவதுபோல் மணிக்கட்டை மடக்கி அள்ளுவார்கள். மட்டை முதலில் தரையைக் கொத்திப் பந்து அங்கேயே கிடக்கும். அல்லது மட்டையின் விளிம்பு பந்தின் தலையில் பட்டு அது கிரீனின் மறுபுறம் ஓடிப்போகும். மட்டையின் முகத்தில் உள்ள சாய்வே பந்தைத் தூக்கிவிடும். நாம் செய்ய வேண்டியது சற்றே கீழ்நோக்கித் தட்டுவதுதான்.

எந்த மட்டையால் தட்டுவது? இரும்பு மட்டைகளுக்கு எண் உண்டு. எண் ஏற ஏற முகத்தின் சாய்வு கூடும். சாய்வு கூடினால் பறப்பது மிகுந்து ஓடுவது குறையும். ஆட்டக்காரர் சொல்லும் '12 கணக்கு' மிக வசதியானது. 12-லிருந்து மட்டையின் எண்ணைக் கழித்தால், பறந்த தூரத்தைப்போல் எத்தனை மடங்கு பந்து ஓடும் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். ஓர் உதாரணம் பார்ப்போம். பந்துக்கும் கிரீன் விளிம்புக்கும் இடையே 2 கஜம். விளிம்பிலிருந்து குழி 12 கஜம். விளிம்பைத் தாண்டி 1 கஜத்தில் பந்து விழ வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பறக்க வேண்டியது 3 கஜம், ஓட வேண்டியது 11 கஜம். 11 என்பது 3-ஐப் போல் நான்கு மடங்குக்குச் சற்றே குறைவு. 12-ல் 4 போனால் 8. ஆகவே 8-ஆம் எண் மட்டை! கணக்கு வகுப்பில் கற்றது மைதானத்திலும் உதவுகிறது பாருங்கள். இது சமதரைக்கு உரிய கணக்கு. ஏற்றமானால் எண்ணில் ஒன்று குறைத்தும், இறக்கமானால் ஒன்று கூட்டியும் கொள்வார்கள்.

மூன்றாவது 'பிட்ச்'. முப்பது, நாற்பது கஜத்திலிருந்து உயரப் பறக்கவிட்டு விழுந்த இடத்திலேயே நிற்கச் செய்யும் அடி. இதற்குச் சாய்வு மிகுந்த 'வெட்ஜ்' மட்டை வேண்டும். இங்கே தூரத்தை வலுவால் கூட்டிக் குறைக்கக் கூடாது. மட்டையைப் பின்னே கொண்டுபோகும் அளவால் கூட்டிக் குறைக்க வேண்டும். கடிகார முள்போல இடக்கையை ஏழரை மணி, ஒன்பது மணி, பத்தரை மணி என மூன்று நிலைகளில் நிறுத்திப் பழகும்படி பெல்ஸ் சொல்வார். மூன்று நிலைக்கும் தன் பந்து எவ்வளவு போகிறது என்று ஒருத்தி அளந்து குறித்துக்கொண்டால் போதும். பந்து நிற்பதற்குக் காரணம் அதன் பின்சுழற்சி. மட்டை முகத்தின் பள்ளக் கோடுகள் புல்லையும் ஈரத்தையும் ஒதுக்கிப் பந்தைப் பற்றுவதால் சுழற்சி பிறக்கிறது. ஆகவே கோடுகளில் மண் அடைந்திருக்கக் கூடாது. இதே அடியை இன்னும் செங்குத்தாக உயர்த்தி அடிக்கும் 'லாப்' என்பதும் உண்டு. பார்க்க அழகுதான். கற்றுக்கொள்ளும் முதலிரண்டு ஆண்டுகளில் அதன் பக்கம் போகாதிருப்பதே நல்லது என்பது நம் கருத்து.

இனி மணற்குழி. இதைப் 'பங்கர்' என்பர். பந்து மணலில் விழுந்தால் நடுங்காத புதியவர் இல்லை. ஆனால் குறுந்தூர அடிகளில் பந்தை மட்டை தொடவே தேவையில்லாத அடி இது ஒன்றுதான் என்றால் நம்புவீர்களா? பந்துக்கு இரண்டங்குலம் பின்னே மட்டை மணலுக்குள் நுழைந்து, பந்தின் அடியில் சென்று, முன்னே வெளியே வருகிறது. நடுவே எழும் மணற்படலம்தான் பந்தைச் சுமந்துகொண்டு வெளியே எறிகிறது. தோசைக் கல்லில் திருப்பியை எப்படிச் செலுத்துகிறோம்? தோசையைக் குத்துவதில்லை, ஓரத்திலிருந்து அடியில் நுழைத்து மறுபக்கம் வரை கொண்டுபோகிறோம். பாதியில் நிறுத்தினால் தோசை கிழியும். மணலில் பாதியில் நிறுத்தினால் பந்து அங்கேயே கிடக்கும்.

ஆனால் பழைய மட்டைகளின் கூரிய அடிவிளிம்பு மண்வெட்டிபோல் மணலில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். இதைத் தீர்த்தவர் என்று பெயர் பெற்றவர் ஜீன் சாரசன். சிசிலித் தீவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன தச்சர் ஒருவரின் மகன் அவர். விமானத்தில் செல்கையில், வால்பக்கத் தகடு கீழிறங்கியதும் விமானம் மேலெழுவதைக் கண்டு தமக்கு யோசனை பிறந்ததாக அவரே பின்னாளில் சொன்னார். மட்டையின் அடிப்பாகத்தில் ஈயம் பற்றவைத்து, பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்குமாறு செய்தார். இப்போது மட்டை மணலில் இறங்காமல் தோணிபோல் வழுக்கிச் சென்றது. இத்தாழ்வுக்குப் 'பவுன்ஸ்' என்று பெயர். 1932-ல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் நடந்த ஓப்பன் போட்டிக்கு அம்மட்டையுடன் சென்றார், வென்றார். அவ்வாண்டே அமெரிக்க ஓப்பனையும் வென்றார். இன்று எல்லா ஆட்டக்காரரின் பையிலும் உள்ள 'சாண்ட் வெட்ஜ்' மட்டைக்கு இதுவே வரலாறு.

மணலில் ஆடும் முறையையும் சொல்லிவிடுவோம். காலைச் சற்றுப் புதைத்து உறுதியாக நிற்க வேண்டும். மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திறந்து, அதன் பிறகு பிடிக்க வேண்டும். அடிக்கும் முன் மட்டையால் மணலைத் தொட்டுப் பார்ப்பது விதிப்படி குற்றம். ஆகவே காலடியில் மணல் எப்படி அழுந்துகிறது என்பதைக் கொண்டே அதன் ஆழத்தை ஊகித்துக்கொள்வார்கள். நீண்டு வீசி, மணலைக் கிரீன்மேல் எறிவதாக எண்ணிக்கொண்டால் பந்தும் கூடவே போய்விடும். பந்து மணலில் புதைந்து கிடந்தால் மட்டும் முகத்தைத் திறக்கக் கூடாது. மூடி, செங்குத்தாக இறக்க வேண்டும். அப்போது வழுக்குவதைவிடக் குத்துவதே வேலை. எவ்விதத்திலும் வெளியேற வழி தெரியாதவர், இரண்டு அடி தண்டனை ஏற்றுக்கொண்டு பந்தை மணற்குழிக்கு வெளியே வைத்து ஆடலாம் என்று 2019-ல் வந்த விதித் திருத்தம் இடங்கொடுக்கிறது.

மணலே ஆசிரியராயிருந்ததற்கும் சான்றுண்டு. வட ஸ்பெயினில் பெட்ரேனா என்னும் கடலோரக் கிராமத்தில் செவே பால்யெஸ்தெரோஸ் என்ற சிறுவனுக்கு இருந்தது ஒரே ஒரு பழைய 3-ஆம் எண் மட்டை. சாய்வு குறைந்த அந்த மட்டையால் கடற்கரை மணலில் உயர்த்தியும் தாழ்த்தியும் வளைத்தும் அடித்துப் பழகினான். ஒரே மட்டையில் பத்து மட்டைகளின் வேலையை வாங்கக் கற்றவன், 1976-ல் தன் 19-ஆம் வயதில் பிரிட்டிஷ் ஓப்பனில் இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டான். 1979-ல் அதை வென்றும் விட்டான். நம் நாட்டிலும் கல்கத்தா மைதானத்தில் புல் பராமரிக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்த எஸ்.எஸ்.பி. சௌராசியா 2008-ல் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். 2016, 2017 ஆண்டுகளில் இந்திய ஓப்பனையும் வென்றார். அவருடைய நீண்ட அடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குழியருகே அவர் காட்டும் திறமைக்காகச் 'சிப்பட்சியா' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு செய்தியை மறைப்பது முறையாகாது. குறுந்தூர ஆட்டமே எல்லாம் என்று பழைய நூல்கள் சொல்வதை அப்படியே ஏற்க இயலாது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறை ஆட்டக்காரர்களின் இலட்சக்கணக்கான அடிகளை ஆராய்ந்து 2014-ல் ஒரு நூல் வெளியிட்டார். மிகச் சிறந்தவரையும் மற்றவரையும் பிரிக்கும் வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளிலிருந்தே வருகிறது. குறுந்தூர அடிகளும் உருட்டலும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குதான் என்று அவர் கண்டார். அடிகளின் எண்ணிக்கை வேறு, அடிகளால் விளையும் வேறுபாடு வேறு என்பது இதனால் விளங்கும். ஆயினும் இந்த மூன்றில் ஒரு பங்குக்கு உயரமும் தோள்வலியும் தேவையில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுமியும் அறுபது வயதுப் பாட்டியும் சமமாகக் கற்கக்கூடிய பங்கு அது.

அதனை உலகுக்குக் காட்டியவர் பெங்களூரில் பிறந்த அதிதி அசோக். 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் 18 வயதில் ஆடினார். தந்தையே மட்டைப் பை சுமந்தார். 2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தாய் சுமந்தார். அப்போது உலகத் தரவரிசையில் அதிதிக்கு 200-ஆம் இடம். அவ்வாண்டு கொரோனாவால் பாதிக்கப்பட்டு உடல்வலு குறைந்திருந்ததால், நீண்ட அடியில் போட்டியாளர்களுள் மிகப் பின்தங்கியோரில் ஒருவராயிருந்தார். கிரீனை அடைய மற்றவர் சிறிய மட்டை எடுக்கும் இடத்தில் இவர் பெரிய மட்டை எடுக்க வேண்டியிருந்தது. கிரீன்மேல் நின்றதும் கணக்கு மாறியது. மூன்று நாளும் பதக்க வரிசையில் நின்றார். இறுதி நாளில் இடியும் மழையும் வந்து ஆட்டம் தடைப்பட்டு மீண்டும் தொடங்கியது. கடைசிக் குழியில் அவர் உருட்டிய நீண்ட உருட்டல் குழியை ஒட்டிச் சென்று நழுவியது. முதலிடம் பெற்ற நெல்லி கோர்டா 'பார்' கணக்குக்குக் குறைவாக ஆடியது 17 அடி, அடுத்த இருவர் 16, அதிதி 15. ஒரே ஓர் அடியில் பதக்கம் போயிற்று. நாலாம் இடம். அதுவரை கோல்ப் என்றால் என்னவென்று கேளாத வீடுகளிலும் அன்று காலை தொலைக்காட்சி முன்னே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நமக்கு மைதானம் ஏது என்று தோழியர் கேட்பது காதில் விழுகிறது. நம் நாட்டில் கோல்ப் மைதானங்கள் பெரும்பாலும் சங்க உறுப்பினருக்கும் படையினருக்கும் உரியவை, கட்டணமும் எளிதன்று. இது குறைதான். ஆனால் குறுந்தூர அடிகளைப் பழக 150 ஏக்கர் வேண்டாம். பழைய பட்டர் ஒன்றும் இரண்டு பந்துகளும் கிடைத்தால் வீட்டுக் கூடம் போதும். நீளமான ஜமுக்காளத்தைச் சுருக்கமில்லாமல் விரித்து, அதன் கோடியில் ஓர் எவர்சில்வர் தம்ளரைப் படுக்கவைத்து, மூன்றடியிலிருந்து தொடர்ந்து பத்து முறை உள்ளே விழும்வரை பின்னே நகரக் கூடாது என்று விதி வைத்துக்கொள்ளலாம். ஒன்பதாவது தவறினால் மீண்டும் ஒன்றிலிருந்து. தம்ளரின் வாய் உண்மைக் குழியைவிடச் சிறியது. அதில் பழகியவளுக்கு 4¼ அங்குலக் குழி அண்டாவின் வாய்போலத் தெரியும்.

சிப் பழகத் தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ ஒரு சாக்கை நான்காக மடித்துப் போட்டு, பந்து அதன்மேல் விழுமாறு தட்ட வேண்டும். விழுந்தபின் எங்கே ஓடுகிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் சாக்கில் விழட்டும். இதற்கு உண்மையான கோல்ப் பந்து வேண்டாம், துளையிட்ட பிளாஸ்டிக் பந்து விற்கிறது. அக்கம்பக்கத்தார் ஜன்னல் கண்ணாடிக்கும் அதுவே பாதுகாப்பு.